கோடையில் படித்தவையும் மீண்டும் திறந்த குறிப்பேடும்

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தனர். அதனைப் பேச நம்மினும் வல்லார் பலர் இம்மேடையில் உளர். ஆதலின் இக்கோடை விடுமுறையில் நாம் படித்த மூன்று நூல்களைப் பற்றிக் கூற விழைகின்றோம்.

இளமையில் நாள்தோறும் ஒரு பக்கமேனும் எழுதும் வழக்கம் நமக்கிருந்தது. தலைமையாசிரியர் பொறுப்பேற்றபின் பதிவேடுகளும், மேலிடத்துச் சுற்றறிக்கைகளுக்கு விடையுமே எழுதுகோலின் வேலையாயின. அவ்வழக்கத்தை மீட்டுத் தந்தவை இந்நூல்களே.

முதலாவது, இரட்டைமலை சீனிவாசனாரின் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’. ஒரே மாலையில் படித்து முடிக்கத்தக்க சிறு நூல். பிறர் இழிவென்று சொன்ன பெயரையே முகப்பில் அச்சிட்டு, 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர் அவர். பின்னர்க் கடல் கடந்து சென்றார். மீண்டு வந்து சட்டமன்றத்தில் பணியாற்றினார். 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். இவ்வளவுக்கும் பின், ஏறத்தாழ எண்பது வயதில், 1939இல் இந்நூலை வெளியிட்டார். எழுத நேரமில்லை என்போர் இவ்வாண்டுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது அயோத்திதாசப் பண்டிதரின் கட்டுரைகள். 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கி, 1914இல் மறையும்வரை எழுதினார். அவருடைய சொல்லாராய்ச்சிகள் யாவும் நமக்கு உடன்பாடல்ல. ஆயினும் பழந்தாள்களைக் காத்துவைத்த அன்பர்கள் இல்லையேல், 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து அவை பெருந்தொகுதிகளாக வெளிவந்திருக்குமோ?

நம்மை மிகவும் அசைத்தது மூன்றாவது நூல். அண்ணல் அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’. 1901ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையைத் தந்தையுடன் கழிக்கப் புத்தாடையும் புதுத்தொப்பியும் அணிந்து சிறுவர்கள் இரயிலேறுகின்றனர். நிலையத்தில் இறங்கியபின் அழைத்துச் செல்ல ஆள் வரவில்லை. சாதி தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. இருமடங்கு கூலி தந்தும் வண்டிக்காரன் ஓட்ட மறுக்கிறான். சிறுவர்களே ஓட்ட, அவன் உடன் நடக்கிறான். கட்டுச்சோறு இருந்தும் குடிநீர் இல்லாமையால் உண்ண இயலாமல் இரவெல்லாம் கிடக்கின்றனர். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதும்போதும் உடையின் கரையையும் கூலியின் அளவையும் அவர் விடவில்லை. தம்மைப் பற்றிய புலம்பல் ஓரிடத்தும் இல்லை. அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரே, 1990இல், அது நூலாயிற்று.

அதனை மூடிவைத்த இரவே நம் குறிப்பேட்டைத் திறந்தோம். எதை எழுதுவது? சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினோம். ‘படிப்பகம் தொடங்கத் தீர்மானிக்கப்பட்டது’ என்று ஒரு வரி உள்ளது. வேப்பமரத்தடியில் முதல் வகுப்பில் அமர்ந்த பிள்ளைகள் யார், களையெடுத்த கூலியில் மிச்சம் பிடித்துக் கரும்பலகைக்குக் காசு தந்த தாய்மார் யார், கூரைக்குக் கீற்று தர மறுத்தவர் யார் என்பவை அதில் இல்லை. தொடக்கக் குழுவினருள் இருவரே இன்று நம்மிடையே உள்ளனர். ஒருவருக்குக் காது மந்தம். நினைவோ மிகத் தெளிவு. அவரிடம் கேட்டு இதுவரை பதினேழு பக்கங்கள் எழுதியுள்ளோம்.

தம்பிகளே, தங்கைகளே! அம்மூன்று நூல்களும் இன்று முதல் நம் படிப்பக அலமாரியில் இருக்கும். அடுத்த சனிக்கிழமை மாலை அப்பெரியவர் வீட்டுத் திண்ணைக்குச் செல்கின்றோம். நாற்பது பக்க நோட்டு ஒன்றுடன் வாருங்கள். சற்று உரக்கக் கேட்க வேண்டியிருக்கும்.