இரு கண்ணுக்கு இரு படம்



காலையில் சென்னை நொச்சிக்குப்பம் கடற்கரையில் நின்று, கரையேற்றிய படகு ஒன்றின் மூக்கை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். படகின் மூக்கு சட்டென்று இடம் மாறும், தொடுவானம் அசையாது. வீட்டில் இருப்பவர்கள் கட்டைவிரலை நீட்டியே இதைப் பார்த்துவிடலாம். நம் கண்களுக்கு இடையே சுமார் ஆறரை சென்டிமீட்டர்தான். அந்த இடைவெளியால் வரும் சின்ன வித்தியாசத்தை வைத்தும் மூளை தூரத்தை அளக்கிறது.

1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் இதை விளக்கி, இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பைச் செய்து காட்டினார். அடுத்த ஆண்டே புகைப்படம் வந்தது, இரண்டும் கைகோத்தன. 1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகு ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு இரட்டைப் படம் பார்த்தார்கள். இங்கே, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிக் காட்சிகளை இரட்டைப் படங்களாகவும் வெளியிட்டார்.

பிறகு அஞ்சலட்டையும் பத்திரிகைப் படமும் சினிமாவும் வந்தன, இரட்டைப் படம் ஒதுங்கியது. 1939இல் வியூமாஸ்டர் என்ற கருவியாகத் திரும்பியது. 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்', 1985இல் தமிழில் 'அன்னை பூமி' என்று 3டி சினிமாவாகத் திரையில் வந்தது. தியேட்டரில் கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்துக்கு நேரே வந்த பொருளைக் கைநீட்டிப் பிடிக்கப் பார்த்த தலைமுறை அது. 3டி டிவியும் வந்தது. 2017க்குள் பெரிய நிறுவனங்கள் அதைக் கைவிட்டன.

ஏன் இப்படி? கல்யாண ஆல்பத்தைப் பத்துப் பேர் சேர்ந்து குனிந்து பார்க்கலாம். ஸ்டீரியோஸ்கோப்பிலோ ஒருவர் பார்க்க, மற்றவர் காத்திருக்க வேண்டும். திரையில் அந்தக் குறை தீர்ந்தாலும் கண்ணாடி வந்து சேர்ந்தது; சிலருக்குத் தலைவலியும் வந்தது. வியப்பு தீர்ந்ததும் சிரமம் மட்டும் மிஞ்சியது. ஆனால் ஆழம் தெரிந்தே ஆகவேண்டிய இடத்தில் இந்தக் கலை நிலைத்துவிட்டது. விமானப் படங்களிலிருந்து மேடு பள்ளங்களை அளந்து வரைபடம் தயாரித்தது இதன் துணையால்தான். ரோபோ அறுவைச் சிகிச்சையில் மருத்துவர் உடலின் உள்ளே பார்ப்பதும் இரு கண்ணுக்கும் தனித்தனிப் படமாகத்தான்.

இன்று கேமரா எல்லோர் கையிலும் இருக்கிறது. படகும் வலையும் தெரியும்படி செல்போனில் ஒரு படம் எடுங்கள். போனை நான்கு விரல் அகலம் வலப்பக்கம் நகர்த்தி இன்னொன்று எடுங்கள். இரண்டையும் சிறிதாக அச்சிட்டு, முதல் படம் இடப்பக்கம் இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவே ஓர் அட்டையை நிறுத்தி, இடப்படத்தை இடக்கண்ணாலும் வலப்படத்தை வலக்கண்ணாலும் பொறுமையாகப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகும் நொடியில் வலையின் ஒவ்வொரு மடிப்பும் தனித்து எழும். அந்த இரண்டு படங்களையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் இந்தக் கரையை ஆழத்தோடு பார்க்கட்டும்.