பவர் பத்திரம் வசிய்யத் ஆகாது!

(வேப்பம்பட்டு உரையிலிருந்து)



வேப்பம்பட்டில் மனை வாங்கிப் போட்டிருக்கும் வியாபாரிகள் சிலர், "தம்பி பெயருக்குப் பவர் எழுதிவிட்டேன், எனக்குப் பிறகு அவன் பார்த்துக்கொள்வான்" என்கிறார்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் பவரே இருக்காது! 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் மவ்த்தானால் அல்லது புத்தி சுவாதீனம் இழந்தால் சாதாரணப் பவர் முடிந்துவிடும். பவரை மட்டும் நம்பி மனை வாங்கியவருக்கும் அது சொந்தமாகாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவான கிரயப் பத்திரமே உரிமை தரும்.

சரி, வசிய்யத்? ஜனாஸாச் செலவும் கடனும் போக, மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்குள்தான் எழுதலாம். மூன்றில் ஒன்றே அதிகம் என்று ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு மட்டும் வசிய்யத் செய்ய முடியாது. மகளின் பங்கை மறுக்க உயில் தேடுவோரே, அந்தக் கதவு மூடியே இருக்கிறது!

வாய்மொழி வசிய்யத் செல்லும், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் வாய் வார்த்தையைக் கோர்ட்டில் நிரூபிக்க உங்கள் மனைவி எத்தனை வருடம் அலைவார்? எழுதுங்கள், இரு சாட்சிகளோடு பதிவு செய்யுங்கள்.

இளைஞர்களே, உங்கள் வாப்பாவிடம் இன்றே பேசுங்கள். கடைக்காரர்களே, கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, கையில் உள்ள அமானிதம் ஆகிய மூன்றையும் இன்றிரவே எழுதி வையுங்கள். கடன் தெரியாமல் பங்கு பிரிக்க முடியாது!