முப்பது மணி நேரமும் ஒரு மாற்றமும்

(பணியிடைப் பயிற்சி முகாம் ஒன்றில் அரசு மருத்துவர் ஒருவர் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மறுபடியும் பயிற்சியா?' என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். மருத்துவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் மருத்துவர்களுக்கான தொடர் கல்விக் கூட்டங்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், அந்தக் கேள்விக்கு அடிக்கடி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவர் தமது பதிவைப் புதுப்பிக்க என்ன செய்ய வேண்டும், அதில் எது பயன் தருகிறது, எது வெறும் சடங்காகிவிடுகிறது என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இதில் உங்களுக்கும் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

மருத்துவப் பட்டத்துக்குக் காலாவதி கிடையாது. ஆனால் பட்டம் மட்டும் இருந்தால் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட தொழில்நெறி விதிமுறைகள், ஒவ்வொரு மருத்துவரும் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்கின்றன. 2020-இல் அந்தக் கவுன்சிலின் இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை அறிவித்து, அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. அதனால் 2002-இன் விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. பல மாநிலங்களில் பதிவைப் புதுப்பிக்கும்போது இந்த மணிக்கணக்கைச் சான்றிதழ்களோடு காட்ட வேண்டும். கண்டிப்பு மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி என்றால் ஆண்டுக்கு 6 மணி. மாதத்துக்கு அரை மணி. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியர்களிடம் எதிர்பார்ப்பதோ ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி. கணக்கில் நீங்கள் எங்களைவிட எட்டு மடங்குக்கு மேல் முன்னே நிற்கிறீர்கள்!

இந்த அரை மணி எதற்கு? 'எம்.பி.பி.எஸ். படித்தாயிற்று, இருபது வருட அனுபவமும் இருக்கிறது, இன்னும் என்ன?' என்று கேட்கலாம். மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். மூன்றும் உங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியவை.

முதலாவது, நாய்க்கடி. வயிற்றைச் சுற்றி ஊசி போடுவார்களே என்று பெற்றோர் இன்றும் பயந்துகொண்டு வருகிறார்கள். அது ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய தடுப்பூசி. இந்தியாவில் அதன் உற்பத்தி 2004 இறுதியில் நிறுத்தப்பட்டது. இப்போது நாலைந்து தவணைகளாகக் கையில்தான் ஊசி. ஊசிக்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது.

இரண்டாவது, பாம்புக்கடி. கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டு, கீறி இரத்தத்தை வெளியேற்று என்று ஒரு காலத்தில் முதலுதவிப் பாடத்திலேயே இருந்தது. இன்று இரண்டும் கூடாது. இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கையோ காலோ பறிபோகலாம். பிள்ளையைப் பதற்றப்படுத்தாமல், கடிபட்ட உறுப்பை அசையவிடாமல், விரைவாக விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மூன்றாவது, வயிற்றுப்போக்கு. உப்புச் சர்க்கரைக் கரைசலை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதனுடன் 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரையும் தர வேண்டும் என்று அறிவித்தன. அதற்கு முன் படித்து முடித்த ஒரு மருத்துவர் பிறகு எதையும் படிக்கவில்லை என்றால், அவரிடம் வரும் குழந்தைக்கு அந்த மாத்திரை கிடைக்காமல் போகலாம். அவர் கெட்டவர் அல்லர்; கற்றதைச் சரியாகவே செய்கிறார். கற்றது பழையதாகிவிட்டது, அவ்வளவுதான்.

அனுபவம் இந்தக் குறையை நிரப்பிவிடாதா? 2005-இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில், இதைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். பணி ஆண்டுகள் கூடக்கூடச் சிகிச்சையின் தரம் குறைவதாகவே அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை காட்டின. மூத்தவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, நானும் மூத்தவன்தான். புதுப்பிக்காத அனுபவம் தேய்ந்துபோகும் என்பதே இதன் பொருள்.

அப்படியானால் 30 மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் போதுமா? போதாது. 1999-இல் டேவ் டேவிஸ் என்ற கனடா நாட்டு மருத்துவரும் அவருடைய குழுவினரும் தொடர் கல்வி நிகழ்ச்சிகளை ஆராய்ந்தார்கள். விரிவுரையை மட்டும் கேட்டுவிட்டுப் போன மருத்துவர்களின் நடைமுறை பெரும்பாலும் மாறவில்லை. கலந்துரையாடி, செய்து பழகிய நிகழ்ச்சிகளே மாற்றத்தைத் தந்தன. வகுப்பறையில் 'செய்து கற்றல்' என்று நீங்கள் நாள்தோறும் சொல்வதைத்தான் அவர்கள் ஆய்வு செய்து கண்டார்கள்.

எங்கள் கூட்டங்களிலும் இதைப் பார்க்கிறேன். காலையில் வருகைப் பதிவில் கையெழுத்து, மதியம் சாப்பாடு, மாலையில் சான்றிதழ். மணிக்கணக்கு ஏறிவிடும், மறுநாள் எழுதும் மருந்துச்சீட்டு அப்படியே இருக்கும். மணியை எண்ணுவது எளிது, மாற்றத்தை எண்ணுவது கடினம். எனவே நிர்வாகம் எளிதானதை எண்ணுகிறது.

பிரிட்டனில் வேறு வழியை முயன்றார்கள். அங்கு 2012 டிசம்பர் முதல் மருத்துவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம் தகுதியை மறு உறுதி செய்துகொள்ள வேண்டும். அங்குள்ள பொது மருத்துவக் கவுன்சில் இத்தனை மணி என்று எண் எதையும் விதிப்பதில்லை. ஆண்டுதோறும் ஒரு மதிப்பீட்டு உரையாடல் நடக்கும். நோயாளிகளும் உடன் பணிபுரிவோரும் சொன்ன கருத்துகளைக் கொண்டுவர வேண்டும். 'நீங்கள் கற்றதால் உங்கள் பணியில் என்ன மாறியது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இதிலும் காகித வேலை அதிகம் என்று அங்குள்ள மருத்துவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

அந்தக் கேள்வியை நாங்கள் கடன் வாங்கிக்கொண்டோம். எங்கள் கூட்டம் முடியும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுத்தாள் தருகிறோம். 'நாளை முதல் நான் மாற்றிக்கொள்ளப் போவது' என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதே தாளைத் திருப்பித் தந்து, 'செய்தீர்களா? எங்கே தடங்கல் வந்தது?' என்று பேசுகிறோம். மாத்திரை இருப்பில் இல்லை, நேரம் போதவில்லை, மேலதிகாரி ஒப்பவில்லை என்று பதில்கள் வரும். அந்தத் தடங்கல்களைப் பேசும் அரை மணிதான் அன்றைய நாளின் மிகச் சிறந்த வகுப்பு. சான்றிதழில் அதற்குத் தனி மதிப்பு கிடையாது.

விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி இல்லாவிட்டால் அந்த அரை மணிகூடப் பலருக்குக் கிடைக்காது. விதி நம்மை அரங்குக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கும். அதற்கு மேல் நடக்க வேண்டியது பயிற்சி நடத்துபவர் கையிலும் நம் கையிலும் இருக்கிறது.

குறுவள மையக் கூட்டங்களில் கருத்தாளராக நிற்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த முறை, கடைசிப் பதினைந்து நிமிடத்தை அந்த ஒரு வரிக்காக ஒதுக்கிப் பாருங்கள். மற்றவர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். நாளை பள்ளிக்குப் போனதும் முதலுதவிப் பெட்டி அருகே ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். பாம்பு கடித்தால் இறுகக் கட்டச் சொல்லியிருந்தால் அதைக் கிழித்துவிடுங்கள்.