அச்சும் பொதுமக்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

பொதுமக்களிடம் செய்தியையும் அறிவையும் கொண்டு சேர்ப்பதில் அச்சு ஆற்றிய பணியைக் குறித்துச் சில சொற்கள் கூற வந்துள்ளேன். அச்சுப்பொறி வந்துவிட்டால் அறிவு தானே பரவிவிடும் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. மக்கள் பேசும் மொழி, இதழ் வந்து சேரும் வழி, எழுத்தறிந்த கண் ஆகிய மூன்றும் கூடிய பிறகே அச்சு பொதுமக்களின் உடைமையாயிற்று.

1556ஆம் ஆண்டு கோவாவிற்கு முதல் அச்சுப்பொறி வந்தது. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூல் அச்சாயிற்று. ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழாக்கித் தந்த அந்நூல் 16 பக்கங்களே கொண்டது. இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் இம்மண்ணில் அச்சேறியது அதுவே முதன்முறை. அப்பெருமை நம் தமிழுக்கு உரியது. பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் முயற்சியால் அச்சுக்கூடம் அமைந்து, 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது.

ஆயினும் அவை சமயப் பணிக்கென அச்சிடப்பட்டவை. திண்ணைப் பள்ளியில் பயின்ற பிள்ளையின் கையில் இருந்தது பனையோலைதான். 1835இல் மெட்காஃப் துரை பத்திரிகைகளின் மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பின்னரே நம்மவர் நடத்தும் அச்சுக்கூடங்கள் பெருகலாயின. முதல் நூலுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையே 257 ஆண்டுகள் கழிந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்!

இனி, மொழியின் வலிமையைக் காண்போம். நம் நாட்டின் முதல் செய்தித்தாள் 1780ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் கல்கத்தாவில் ஹிக்கி என்பவர் தொடங்கிய ஆங்கில வார இதழாகும். ஆள்வோரைக் குறைகூறியதற்காக அவர் சிறை சென்றார்; 1782இல் அவருடைய அச்செழுத்துகளும் பறிமுதலாயின. எனினும் அவ்விதழைப் படித்தவர் பெரும்பாலும் வெள்ளையரே. 1878இல் லிட்டன் பிரபு ஒரு சட்டம் கொண்டுவந்தார். அது நாட்டு மொழி இதழ்களுக்கு மட்டுமே பூட்டுப் போட்டது. ஆங்கில இதழ்களைத் தொடவில்லை. வங்கமொழியிலும் வெளிவந்துகொண்டிருந்த 'அமிர்த பஜார் பத்திரிகா' அதனின்று தப்புவதற்காக உடனே முழுவதும் ஆங்கில இதழாக மாறிற்று. குடிமகன் தன் தாய்மொழியில் படிப்பதையே அரசு அஞ்சியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878இல் நண்பர்களுடன் 'தி இந்து'வைத் தொடங்கிய அவர், ஆங்கிலம் அறியாத மக்களுக்கென 1882இல் 'சுதேசமித்திரன்' இதழைத் தொடங்கினார். அது 1899இல் நாளிதழாயிற்று. 1904இல் அதன் அலுவலகத்தில் துணையாசிரியராய் அமர்ந்தவர்தாம் நம் பாரதியார். பிற்காலத்தில், 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி' எளிய நடையால் தேநீர்க்கடை வரை சென்றது. அங்கே ஒருவர் உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாத பலர் கேட்டனர். ஒரு தாள் பத்துப் பேருக்குப் பயன்பட்டது.

அடுத்தது வழி. இருப்புப்பாதை ஊழியன் ஆதலால் இதைச் சற்று அழுத்திக் கூற விரும்புகிறேன். இரவு வண்டிக்கு முன்கூட்டியே அச்சிட்ட 'டாக் பதிப்பு'க் கட்டுகளை ஏற்றிச் சென்ற புகைவண்டியும், பதிவு பெற்ற இதழ்களுக்குச் சலுகைக் கட்டணம் அளித்த அஞ்சலகமும் இல்லையேல், பட்டணத்துச் செய்தி பட்டணத்திலேயே தங்கியிருக்கும். வழி அடைபட்டால் என்ன நேரும்? பாரதியாரின் 'இந்தியா' இதழ் 1908இல் புதுச்சேரிக்கு இடம் பெயர்ந்தது. ஆங்கில அரசு தன் எல்லைக்குள் அது நுழைவதைத் தடுத்தது. எழுதுவோர் இருந்தும், அச்சிடுவோர் இருந்தும், வாசகரை அடைய இயலாமல் 1910இல் அவ்விதழ் நின்றுபோயிற்று.

இன்று கைப்பேசியில் செய்தி நொடிப்பொழுதில் வருகிறதே, தாள் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். விரைவை நான் குறைகூறவில்லை. ஆனால், இதழின் ஒரு மூலையில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர்கள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி வைத்த முறை அது. தவறான செய்தி வந்தால் யாரைக் கேட்பது என்பது தெரியும். யார் எழுதியது என்றே அறியாமல் கைக்குக் கை பரவும் வதந்திக்கு அத்தகைய முகவரி ஏது?

அன்பர்களே! மொழி இருக்கிறது, வழியும் இருக்கிறது. மூன்றாவதாகிய எழுத்தறிந்த கண் நம்மிடம் இருக்கிறதா? நம் காலனிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் திறம்படப் படிக்கின்றனர். ஆனால் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க அறியாதவர் அவர்களுள் பலர். அக்குழந்தையைப் பொறுத்தவரை தமிழ் அச்சு இன்னும் 1578ஆம் ஆண்டிலேயே நிற்கிறது. நூல் உண்டு, அவனுக்கு இல்லை. பாட்டி எழுதி வைத்த குறிப்பேட்டையும் அவன் நாளை யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்ல நேரும்.

வாசகர் குறைந்தால் இதழும் நில்லாது. 1941இல் தொடங்கிய 'கல்கி' வார இதழ் 2020இல் அச்சை நிறுத்தி இணையத்திற்கு மாறியதை நாம் அறிவோம்.

ஆகவே, ஒரு சிறு வேண்டுகோள் விடுக்கிறேன். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு தமிழ் இதழுக்குச் சந்தா கட்டுவோம். முறைவைத்து வீட்டுக்கு வீடு அனுப்புவோம். ஞாயிறுதோறும் அரைமணி நேரம் சங்கக் கூடத்தில் பிள்ளைகளை அமர்த்தித் தலைப்புச் செய்திகளை உரக்கப் படிக்கச் செய்வோம். பெரிய எழுத்து, சிறிய வாக்கியம். தொடங்குவதற்கு அதுவே ஏற்றது. அன்று தேநீர்க்கடையில் தெரிந்தவர் படிக்கத் தெரியாதவர் கேட்டனர். இங்கே பிள்ளைகள் படிக்கட்டும். பெரியோர் நாம் கேட்போம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!