பக்தர் வேற, மதவாதி வேற!

(ஐ.டி. விங் பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம பதிவுக்குக் கீழே விபூதி பூசின ப்ரொஃபைல் படத்தோட ஒருத்தர் கேள்வி கேட்டா, சிலர் உடனே 'மதவாதி'ன்னு பதில் போடுறாங்க. அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சுதான் போடுறோமா?

🔹 பக்தர்: சாமி கும்பிடுறவர். அவ்வளவுதான். பிரதோஷத்துக்குக் கோயில் போற அம்மா, ஜும்ஆ தொழுகைக்குப் போற பாய், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற அக்கா, எல்லாருக்கும் அரசியலமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு தந்த உரிமை அது.

🔹 மதவாதி: மதத்தை வச்சு அரசியல் பண்றவர். அவருக்கு பக்தி இருக்கணும்னு கூட அவசியமில்ல.

🔹 மதவெறியர்: அடுத்த மதத்துக்காரரை எதிரியாவே பார்ப்பவர். அடிக்கவும் துணிவார்.

1948 ஜனவரி 30. பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நடந்து போன காந்தியைச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர் பக்தர், சுட்டவன் மதவெறியன். ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை போடுவீங்களா?

🔹 நாத்திகர்: இன்னைக்கு 'கடவுள் இல்லை'ன்னு சொல்றவர். ஆனா பழைய தத்துவ மரபுல வேதத்தை ஏத்துக்காதவருக்குத்தான் அந்தப் பேரு. அதனால பௌத்தரும் சமணரும் நாத்திகர் பட்டியல்ல. படைத்த கடவுள் ஒருவர் தேவையில்லைன்னு சொன்ன மீமாம்சகர் ஆத்திகர் பட்டியல்ல! காரணம், அவர் வேதத்தை ஏத்துக்கிட்டார். முத்திரை குத்துறவர் யாருன்னு பார்த்தாதான் வார்த்தையோட அர்த்தமே புரியும்.

இப்போ முத்திரை குத்துற இடத்துல நாம இருக்கோம். ஒரு பக்தரை 'மதவாதி'ன்னு சொன்னா நமக்கு ரெண்டு நஷ்டம். நம்மகிட்ட கேள்வி கேட்க வந்தவர் மனசு நொந்து எதிர்ப்பக்கம் போயிடுவார். நிஜ மதவாதியோ, "பாத்தீங்களா, சாமி கும்பிடுறவங்களையே திட்டுறாங்க"ன்னு அவர் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவார்.

கடைசியா, நமக்கு நாமே வச்சிருக்கிற பேரையும் பாருங்க. 'தொண்டர்'! சேக்கிழார் எழுதின பெரியபுராணத்தோட இன்னொரு பேரு திருத்தொண்டர் புராணம். அடியார்களைச் சொன்ன அதே வார்த்தையைத்தான் இன்னைக்குக் கொடி பிடிக்கிற நாமளும் பெருமையா சொல்லிக்கிறோம்.

அதனால தோழர்களே, கமெண்ட் போடுறதுக்கு முன்னாடி அவரோட நெத்தியைப் பார்க்காதீங்க, அவர் என்ன சொல்றார்னு பாருங்க. வெறுப்பைப் பேசினா தயங்காம 'மதவாதி'ன்னு சொல்லுங்க. கேள்வி கேட்டா மரியாதையா பதில் சொல்லுங்க.