முதலில் யாரிடம் வாய் திறப்பது?

எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். சாம்பார் வாசனை வந்துவிட்டது, ஏழிலேயே முடித்துக்கொள்கிறேன்.

கும்பகோணத்தில் அம்மா ஒரு பிக்ஸட் டெபாசிட் போட்டார். "எனக்கு ஒண்ணு ஆயிட்டா நீ அலையக் கூடாதுடா" என்று என் பெயரையும் சேர்த்தார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஈ. கணக்கும் எனக்கு அதே பாங்கில். என்.ஆர்.ஈ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அதனால் எங்குமே இல்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். நான் வாழும் அமெரிக்காவில் உண்டு! போதாததற்கு, வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற தனி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அம்மாவின் பணம், என் பெயர் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது.

ஒரு கொலு வீட்டில், கையில் சுண்டலோடு இதைத் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலை, வருஷா வருஷம் எனக்கு வரி ரிட்டர்ன் போட்டுத் தருபவருக்கு எல்லாவற்றையும் ஒப்பித்து மெயில் எழுதினேன். அனுப்பப் போகிற நேரத்தில் நண்பர் ஒருவர் தடுத்தார்: "முதல்ல வக்கீல்கிட்ட போ."

காரணம் இருக்கிறது. சி.பி.ஏ. எனும் கணக்காளரிடம் பேசுவதற்கும் சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் விஷயம் கிரிமினல் என்று போனால் அது செல்லாது. வக்கீலிடம் ஆலோசனை கேட்டுப் பேசுவது ரகசியமாகவே நிற்கும். அவர் தன் வேலைக்கு உதவியாக ஒரு கணக்காளரை அமர்த்தினால் அந்தப் பேச்சுக்கும் காப்பு நீளலாம். 1961-இல் வந்த கோவெல் தீர்ப்பு திறந்துவிட்ட வழி அது. அதே சமயம், வட்டியை எல்லாம் ஒழுங்காகக் காட்டிவிட்டு எஃப்பாரை மட்டும் மறந்தவருக்கு நல்ல சி.பி.ஏ.வே போதும், வீண் செலவு வேண்டாம்.

மூன்று வக்கீல்களைப் பார்த்தேன். முதலாமவர் ஒரு காகிதத்தைக்கூடப் பார்க்காமல், "ஒரு டாலர் அபராதம் இல்லாமல் முடிக்கிறேன்" என்றார். எழுந்து வந்துவிட்டேன். இரண்டாமவர் உயில் எழுதுவதில் கெட்டிக்காரர், "இது என் வேலை இல்லை" என்று அவரே சொன்னார். நல்ல மனிதர். மூன்றாவது ஒரு பெண் வழக்கறிஞர். என் பழைய ரிட்டர்னை வாங்கி ஷெட்யூல் பி-யைப் புரட்டி, அடியில் ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். வெளிநாட்டுக் கணக்கு உண்டா என்ற கேள்வி. "இல்லை" என்று டிக் இருந்தது. "இதை யார் போட்டது? உங்களிடம் யாராவது கேட்டார்களா?" அரை மணி நேரம் அந்த ஒரு டிக்கைப் பற்றியே பேசினார். தெரியாமல் நடந்ததா, தெரிந்தே செய்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தெரிந்தே என்றால் அபராதம் கணக்கில் உள்ளதில் பாதி வரைகூடப் போகும்.

அவரிடம் நான் கேட்டவை சில. இதுபோல் எத்தனை கேஸ் முடித்திருக்கிறீர்கள், வேலையை நீங்களே செய்வீர்களா, ஜூனியரா, ஃபீஸ் மொத்தமாகவா, மணிக்கணக்கிலா. எல்லாம் எழுத்தில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாநில வழக்கறிஞர் பட்டியலில் அவர் லைசென்ஸையும் பார்த்தேன். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. தமிழ் பேசுகிறார் என்பதற்காக மட்டும் வக்கீல் பிடிக்காதீர்கள். இந்தத் தமிழ் மேடையில் சொல்லக் கூடாததுதான், சொல்லிவிட்டேன்.

கடைசியில், தெரியாமல் தவறியவர்களுக்கான ஸ்ட்ரீம்லைன்ட் வழியில் போனோம். மூன்று வருஷ ரிட்டர்ன், ஆறு வருஷ எஃப்பார், 5 சதவீத அபராதம். கூடவே, ஏன் இப்படி ஆயிற்று என்று உறுதிமொழியோடு நானே எழுதித் தர வேண்டும். அம்மா, கும்பகோணம், கண்ணீர் என்று மூன்று பக்கம் எழுதினேன். வழக்கறிஞர் கண்ணீரை அடித்துவிட்டு, நான் விட்டுவைத்த ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். கணக்கு விவரங்களைப் பகிர இந்தியாவும் அமெரிக்காவும் 2015-இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு பாங்க் அனுப்பிய ஃபாட்கா படிவத்தில், படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். "உங்களுக்குப் பாதகமானதுதான். அதனால்தான் நீங்களே முதலில் சொல்ல வேண்டும்" என்றார்.

சொன்னேன். அதற்குப் பிறகுதான் இரவில் தூக்கம் வந்தது. அதோ, சலங்கைச் சத்தம் கேட்கிறது, பிள்ளைகள் ஆடக் காத்திருக்கிறார்கள்.