கொல்லைப்புறத்துப் புள்ளும் விலங்கும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'சங்க இலக்கியத்தில் இயற்கை' என்பது. இதே தலைப்பில் எத்தனை உரைகள் கேட்டிருப்போம் என்று எண்ணிப் பார்த்தேன். கேட்ட நமக்கும் சலிப்பு, பேசியவர்க்கும் சலிப்பு. ஆகவே அவர்களின் இசைவோடு தலைப்பைச் சற்றுச் சுருக்கிக்கொண்டேன். என் பிறந்த ஊராகிய காவாந்தண்டலத்தில், எங்கள் வீட்டுக் கொல்லையிலும் அதற்கப்பால் கழனியிலும் ஏரிக்கரையிலும் கண்ட புள்ளையும் விலங்கையும் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

செய்யாற்றங்கரையில் உள்ள ஊர் அது. 'கா' என்றாலும் சோலை. 'தண்டலை' என்றாலும் சோலை. இருமுறை சோலையைச் சொல்லி ஊருக்குப் பெயர் வைத்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஊர்ப்பெயராய்வு என் துறையன்று. எனவே இதனை முடிபாகக் கொள்ள வேண்டா, ஆசையாகக் கொள்க. ஆனால் இந்தப் பகுதியில் தோட்டத்துக்கும் ஏரிக்கும் எத்தகைய மதிப்பு இருந்தது என்பதற்கு ஆசை தேவையில்லை, கல்வெட்டே சான்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காகவே நாம் போற்றுகிறோம். அந்தக் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எந்தப் பணிக்குச் சென்றார்கள் என்பதைப் பலரும் படிப்பதில்லை. தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். தோப்பையும் நீரையும் காப்பதற்கென்றே ஓலையெழுதிக் குடத்திலிட்ட மண் இது.

இனி என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் முனைவர் பட்டம் பெற்றது நெய்தல் திணைப் பாடல்களில் வரும் பறவைகளைப் பற்றிய ஆய்வுக்காக. நூலகத்தில் அமர்ந்து எழுதிய ஆய்வு. குருகு, நாரை, அன்றில் என்று அட்டவணை இட்டேன், அடைமொழிகளைத் தொகுத்தேன், உவமைகளை வகைப்படுத்தினேன். ஐந்தாண்டுகளில் ஒருநாளும் ஒரு நீர்நிலைக்குச் சென்று நின்றதில்லை. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர், "அம்மா, கொக்குக்கும் நாரைக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டார். நிகண்டைச் சொன்னேன். அவர் புன்னகையோடு அடுத்த வினாவுக்குச் சென்றுவிட்டார். பட்டம் கிடைத்தது. விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

அந்த விடை வேடந்தாங்கல் ஏரிக்கரையில் கிடைத்தது. பறக்கும்போது கழுத்தை 'எஸ்' போல மடக்கிக்கொண்டு போவது கொக்கு. கழுத்தை நீட்டிக்கொண்டு போவது நாரை. நத்தைகுத்தி நாரையின் அலகை அங்கேதான் பார்த்தேன். மேலலகும் கீழலகும் நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இல்லை. வளர வளரத்தான் உண்டாகிறது. கழனியில் நத்தையைத் தேடித் தின்பதே அதன் தொழில். இன்னொன்றும் அறிந்தேன். நத்தைகுத்தியும் மஞ்சள் மூக்கு நாரையும் ஏறக்குறைய ஊமைகள். அலகை அலகோடு தட்டி ஒலியெழுப்புமே தவிரக் கூவுவதில்லை. "நாரையின் கூவல்" என்று ஒரு முழு இயலுக்கே தலைப்பிட்டிருந்தேன் நான்! சங்கப் பாடல்களில் குருகு நரலும் இடங்கள் உண்மையிலேயே உண்டு. ஆனால் நாம் இன்று சாம்பல் நாரை என்று அழைப்பது கொக்கினத்தைச் சேர்ந்தது. அதற்குக் கரகரத்த குரல் உண்டு. பழம்புலவர் எந்தப் பறவையைக் கேட்டார் என்பதை ஏட்டிலிருந்து மட்டும் சொல்லிவிட முடியாது. சத்திமுத்தப் புலவர் நாரையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை சொன்னார் என்றால், அவர் அலகையும் பார்த்திருக்கிறார், கிழங்கையும் பிளந்திருக்கிறார்.

இத்துறையில் நமக்கு வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. புதுவையில் ஆட்சிப் பணியில் இருந்த பி. எல். சாமி அவர்கள் சங்க இலக்கியத்து விலங்குகளையும் புள்ளினங்களையும் உயிரியல் அறிவோடு இனங்கண்டு தனித்தனி நூல்கள் எழுதினார். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் மறையும் வரை கல்கத்தா நாளேடு ஒன்றில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். பத்மாவதி சரித்திரத்தைப் பாடமாக நடத்தும் நம்மில் பலருக்கு, அதன் ஆசிரியரின் மகனைத் தெரியாது. இது தமிழ்த்துறைகளின் குறை என்றே நான் சொல்வேன். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

கவிஞர்கள் நிறைந்த அவையில் இதையும் சொல்லத் துணிகிறேன். நம் மாதக் கூட்டங்களில் குயில் கூவாத மாதம் இல்லை. அந்தக் குயில் எப்போதும் பெண். காதலனைப் பிரிந்து வாடுபவள். உண்மையில் மாந்தோப்பில் உச்சத்தானத்தில் கூவுவது ஆண். கன்னங்கரிய உடலும் சிவந்த கண்ணும் அவனுக்கு. பெண் குயில் பழுப்பு நிறம், உடலெங்கும் வெண்புள்ளி. அவள் குரல் கிக்கிக்கென்று வெட்டி வெட்டி ஒலிக்கும். காக்கை கூடு கட்டும் பருவத்தில்தான் குயிலுக்குக் குரல் வருகிறது. காரணம் உங்களுக்குத் தெரியும். தூக்கணாங்குருவியும் அப்படியே. தாய்ப்பறவை பாடுபட்டு நெய்த வீடு என்று எத்தனை கவிதைகள்! நெய்பவன் ஆண். பாதி நெய்தபின் பெண் வந்து கூட்டைச் சோதிக்கும். பிடிக்கவில்லையென்றால் போய்விடும், அவன் வேறு கூடு தொடங்குவான். கவிதைக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? உண்மை கவிதைக்குப் பகை என்று யார் சொன்னது?

எங்கள் கொல்லைக்கு வருகிறேன். கிணற்றடியில் ஒரு வாழைக்கட்டை, ஒரு நார்த்தை, வேலியோரம் நொச்சி, மூலையில் கிழட்டு முருங்கை. அவ்வளவுதான். விடுமுறைகளில் விடியற்காலை ஆறு மணிக்குப் பின்வாசற்படியில் அமர்ந்து, அசையாமல் இருக்கப் பழகினேன். முதல் கால் மணி நேரம் ஒன்றும் வராது. நாம் அங்கே இல்லையென்று கொல்லை நம்பிய பிறகே அவை வருகின்றன. முதலில் தவிட்டுக்குருவிக் கூட்டம், ஏழெட்டாகச் சண்டையிட்டுக்கொண்டே. பிறகு செம்போத்து, குயிலின் உறவுதான், ஆனால் தன் கூட்டைத் தானே கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்ப்பது. நார்த்தை இலையைத் தைத்துக் கூடமைத்த தையல்சிட்டை ஒரு வாரம் கழித்தே கண்டேன். அதுவரை அந்த இலையைக் கடந்து நூறுமுறை தண்ணீர் சேந்தியிருக்கிறேன். கண்ணுக்கு முன் காது வேலை செய்ய வேண்டும். தவிட்டுக்குருவிகள் திடீரென்று ஒரே திசை பார்த்துக் கத்தினால் அங்கே சாரையோ கீரியோ இருக்கும். இரவு விலங்குகளை நான் பெரும்பாலும் கண்டதில்லை. அவை விட்டுச் சென்றதைக் கண்டிருக்கிறேன். மதில்மேல் பழக்கொட்டைகளோடு கூடிய எச்சம் கிடந்தால் மரநாய் வந்து போயிற்று என்று பொருள். நரியின் ஊளையைச் சிறுமியாய் இருந்தபோது ஆற்றங்கரைப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். இப்போது எங்கள் வீட்டுக் கொல்லையில் கேட்பதில்லை.

கண்டதை எழுதிவைக்க ஒரு குறிப்பேடு வேண்டும். நாள், நேரம், இடம், அது என்ன செய்தது, எப்படிக் கத்தியது. இவற்றை எழுதிய பிறகே பெயர். பெயரை முதலில் எழுதிவிட்டால் கண் மூடிக்கொள்கிறது.

இந்தப் பெயர்களை எனக்குக் கற்றுத் தந்தவர் பேராசிரியர் அல்லர். எங்கள் கழனியில் நடவுக்கும் களைக்கும் வந்த ஓர் ஆயா. பள்ளிக்கூடம் போகாதவர். நாற்பது வயதிலும் என்னைப் 'பாப்பா' என்றே அழைத்தார். ஒரு சித்திரையில், சொர்ணவாரிப் பட்டத்துக்கு டிராக்டர் ஓட்ட வந்த ஆளை அவர் வழிமறித்து நின்றதைப் பார்த்தேன். கரம்பில் ஆட்காட்டி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு என்று ஒன்றுமில்லை. வெறும் பள்ளம், சுற்றிலும் சிறுகற்கள். மண்ணாங்கட்டி நிறத்து முட்டை. அவர் விரல் நீட்டிக் காட்டிய பிறகும் என் கண்ணுக்குப் புலப்பட வெகுநேரம் ஆயிற்று. தாய்ப்பறவை தலைக்குமேல் வட்டமிட்டு அலறிக்கொண்டிருந்தது. ஆயா ஒரு பனையோலையை நட்டு அடையாளம் வைத்தார். ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே அதைச் சுற்றி உழுதார்.

அன்று இரவு குறுந்தொகையை எடுத்தேன். வழிப்போக்கருக்கு ஆள் இருப்பதை அறிவிக்கும் நெடுங்காற் கணந்துள் ஒரு பாடலில் வருகிறது. அதனை ஆட்காட்டி என்று கொள்வார் உண்டு. நீளக்கால் கொண்ட வேறு பறவை என்பாரும் உண்டு. என் ஆய்வேட்டில் அதற்கு ஓர் அடிக்குறிப்புக்கூட நான் எழுதவில்லை. அடுத்த நாள் முதல் ஏட்டோடு ஆயாவின் பின்னால் திரிந்தேன். "என்னா பாப்பா, பேரக் கேட்டுகினு என்னா பண்ணப் போற?" என்பார். "எழுதப் போறேன் ஆயா" என்பேன். "எழுதினா அது வந்து ஒக்காந்துக்குமா?" என்று சிரிப்பார். ஏறத்தாழ அறுபது பெயர்கள் எழுதினேன். ஐப்பசி மழையில் நள்ளிரவில் வரப்பிலிருந்து கத்தும் பறவை ஒன்றைச் சொன்னார். அதன் குரலைச் செய்தும் காட்டினார். அடுத்த விடுமுறையில் விரிவாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். தேர்வுத்தாள் திருத்தும் பணி, மாணவர் சேர்க்கை என்று இரண்டு விடுமுறைகள் போயின. மூன்றாவது விடுமுறைக்கு நான் ஊர் சென்றபோது ஆயா இல்லை. அந்தக் குரல் என் காதில் இருக்கிறது, பெயர் இல்லை. ஆட்காட்டி முட்டையிட்ட கரம்பில் இப்போது மனைப்பிரிவுக் கற்கள் நட்டிருக்கிறார்கள்.

வேடந்தாங்கலில் வேறு கதை நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டுக் காப்புரிமை ஆணை பெற்றார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரம் என்பது அவர்கள் கண்ட உண்மை. அன்பும் இருந்தது, கணக்கும் இருந்தது. இரண்டும் சேர்ந்திருந்ததால்தான் அது நிலைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சரணாலய எல்லையாக அறிவிக்கப்பட்டது. 2020-இல் அந்த எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு எழுந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. 2022-இல் வேடந்தாங்கலும் அண்டையிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் பறவைக்குப் பட்டியல் தெரியாது. வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரை நத்தை தேடி ஊர் ஊராய்க் கழனிக்கு வருகிறது. காவாந்தண்டலத்துக் கழனிக்கு எந்த ஆணையும் இல்லை.

வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் முதியோரிடம் கேட்டுப் புள், விலங்குப் பெயர்களை எழுதித் தந்தால், நான் ஒழுங்குபடுத்தித் தட்டச்சு செய்து தருகிறேன். உத்திரமேரூர் ஒன்றியத்துச் சொல் வேறு, மதுராந்தகத்துச் சொல் வேறாக இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் குரலை எழுதுங்கள். என் ஏட்டில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன். ஐப்பசி நள்ளிரவில் வரப்பில் கத்தும் பறவையின் பெயர் யாருக்கேனும் தெரிந்தால், உரை முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். குரலை நான் செய்து காட்டுகிறேன், சிரிக்கக் கூடாது.

மார்கழியில் ஒரு ஞாயிறு காலை ஏரிக்கரைக்குச் செல்லலாம் என்று செயலாளரிடம் பேசியிருக்கிறேன். வருவோர் விடியுமுன் வரவேண்டும். கவிஞர்கள் வழக்கமான வெள்ளை வேட்டி சட்டையை அன்று ஒருநாள் வீட்டில் விட்டுவிட்டு, மண் நிறத்தில் ஏதேனும் உடுத்தி வருக.